பூர்ண, பூர்வ

காட்மாண்டு ஆவணக் காப்பகம், இரண்டாம் மாடி.
பூஸ் மாதக் குளிர். ஹீட்டர் ஒன்றே ஒன்று,
அதுவும் பிலிம் சுருள்களுக்கு.
ஏட்டில் வெளிச்சம் விழ வேண்டுமென்று
வடக்கு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

எதிரே மூன்று பிரதிகள்.
தலைப்புத் தொலைந்த ஒரு சர நூல்:
மூச்சைக் கேட்டு, வரப்போவதைச் சொல்வது.
இடத்துளையில் ஓடினால் சந்திரன்,
வலத்துளையில் சூரியன்,
இரண்டிலும் ஓடினால் வாயைத் திறக்காதே.

அரசன் கேட்கிறான், கோட்டை விழுமா.
வணிகன் கேட்கிறான், கழுதைகள் கணவாய் தாண்டுமா.
யாரோ ஒருத்தி கேட்கிறாள்
(அவளுக்கு அரைச் சுலோகம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்)
போனவன் வருவானா.

விடை, கேட்பவர் நிற்கும் பக்கத்தில் இருக்கிறது.
முதல் பிரதி: பூர்ணத்தில் நின்று கேட்டால் கைகூடும்.
மூச்சு நிறைந்து ஓடும் பக்கம்.
இரண்டாம் பிரதி: பூர்வத்தில் நின்று கேட்டால்.
அதாவது கிழக்கே.
மூன்றாம் பிரதியில், சரியாக அந்த எழுத்தில்,
ஒரு புழு தன் கருத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

பதினோரு வாரமாக இந்த ஓரெழுத்தில் குடியிருக்கிறேன்.
எழுதியவனுக்கு விளக்கில் எண்ணெய் தீர்ந்ததா,
விரல் விறைத்ததா,
அல்லது கிழக்கே அவனுக்கு யாராவது இருந்தார்களா?

வாசற்காவலர் சிங்கபீர் தாமாங் காதில்
இது எப்படி விழுந்ததோ தெரியாது.
வந்து நின்றார், என் இடப்பக்கம்.
மகள் சுக்மாயா குவைத்தில் வீட்டுவேலை.
நாற்பத்தோரு நாளாகப் போன் இல்லை.
"உங்க புஸ்தகம் என்ன சொல்லுது, மேடம்?"

புத்தகம் சொல்லாது. மூக்குதான் சொல்ல வேண்டும்.
எனக்கோ ஏட்டுத் தூசியில் இரண்டு துளையும் அடைப்பு.
மூக்கடைப்புக்கு விதி இல்லை,
பதினேழாம் ஏடு வரை தேடிப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் ஒரு பிளாஸ்க் வந்தது.
ஓமச் சாறு, திமூர் மிளகு இடித்துப் போட்டது.
'ஏடுகளின் அருகே திரவம் கூடாது' என்ற பலகையைத்
தினமும் துடைப்பவரே அவர்தான்.
படிக்கட்டில் நின்று குடித்தேன், கண்ணில் நீர் வர.

மூன்று மணிக்கு வலத்துளை திறந்தது,
துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி.
முதல் பிரதிப்படி என் வலப்பக்கம் நிற்க வேண்டும்.
இரண்டாம் பிரதிப்படி கிழக்கே.
என் வலப்பக்கமோ மேற்கு.
இரண்டு பாடத்தையும் அவரிடம் சொன்னேன்.
ஆராய்கிறவள் அதற்குமேல் என்ன சொல்ல?

அவர் யோசிக்கவே இல்லை.
மேசையை, விளக்கை, பிறகு நாற்காலியோடு என்னை,
ஜன்னல் பார்க்கத் திருப்பி வைத்தார்.
இப்போது வலமும் கிழக்கும் ஒன்று.
சண்டை பிடித்த இரு பிரதிகளும் சேர்ந்து நின்ற
அந்த ஓரடி இடத்தில்
தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.
"வருவாளா?"

அடுத்த வரி எனக்கு மனப்பாடம்:
கேள்வி விழும் கணத்தில்
மூச்சு உள்ளே போனால் ஆம், வெளியே வந்தால் இல்லை.

உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.
பிடித்து வைத்திருந்தேன்,
எப்போது பிடித்தேன் என்று தெரியாமல்.
தெருவில் ஒரு டெம்போ ஹாரன் அடித்து ஓய்ந்தது.
அவர் நகரவில்லை.
இருமல் முட்டிக்கொண்டு வந்தது. இருமுவதற்கு
முதலில் கொஞ்சம் காற்றை இழுத்தாக வேண்டும்.

"உள்ளே போச்சு. நான் பாத்தேன்" என்றார்.
தொப்பியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

மேசையைத் திருப்பிப் போடவில்லை நான்.
வெளிச்சம் நேராகக் கண்ணில் குத்துகிறது.
பாடபேதக் குறிப்பில் எழுதுகிறேன்:
பூர்ண, பூர்வ. இரண்டும் ஏற்கத்தக்கவை.
காலி பிளாஸ்கைக் கழுவி
வாயிலில் அவர் ஸ்டூலின் மேல் வைக்க வேண்டும்.
இன்று நாற்பத்திரண்டு.